கிடங்குக் கூரைத் தூசி

அவருக்குப் பல்லி என்று பேர் வைத்தவர்கள் கேலிக்காக வைக்கவில்லை. நாற்பதடி உயரத்தில், தகரக் கூரையின் விளிம்பில் ஒரு காலை மடக்கி ஒட்டிக்கொண்டு வெல்டிங் வைப்பார். கீழே நின்று பார்க்கிறவனுக்குத்தான் உள்ளங்கால் கூசும். பத்தொன்பது வயதில் ஒட்டிய பேர் ஐம்பதைத் தாண்டியும் உதிரவில்லை. பட்டறைப் பலகையிலேயே ‘பல்லி வெல்டிங் ஒர்க்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக் கூரையில் கால் வழுக்கி, இடுப்பு பெல்ட்டில் கால் மணி நேரம் தொங்கினார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இறக்கிவிட்டதும் டீ குடித்தார். பல்லிக்கு வால்தான் போச்சு என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். மறுநாள் ஏணியில் நாலாவது படியில் கால் வைத்தபோது தொடை இரண்டும் தந்தியடித்தன. இறங்கிவிட்டார். அன்றிலிருந்து கீழே நின்று கையை நீட்டி வேலை ஏவுகிறார். முதலாளித் தோரணை வந்துவிட்டது என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் அடுத்த தெரு அறிவியல் டீச்சர் பட்டறைக்கு வந்து நின்றார்.

வானத்திலிருந்து தினமும் டன் கணக்கில் தூசி பூமிமேல் விழுகிறதாம். வால்வெள்ளிகளும் சிறுகோள்களும் உதிர்ப்பது. வருகிற வேகத்தில் உருகி, மணலைவிடச் சின்ன உருண்டையாக இறுகிவிடுமாம். அதைப் பொறுக்க வேண்டுமானால் துருவத்துப் பனிக்கோ ஆழ்கடலுக்கோதான் போகவேண்டும் என்று படித்தவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில வருஷத்துக்கு முன்னால்தான் ஊர்க் கூரைகளைக் கூட்டி அள்ளியே அதை எடுத்துக் காட்டினார்களாம். அதைப் படித்ததிலிருந்து டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு வெளியே வெட்டவெளியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. அதன் கூரையில் ஆள் ஏறிப் பல வருஷம் ஆகிறது. அனுமதியும் வாங்கியாயிற்று. கண்ட ஆள் வேண்டாம், பதமாகக் கூட்டி அள்ள வேண்டும், அண்ணன்தான் ஏறவேண்டும் என்றார் டீச்சர்.

மூன்று ஆட்கள் கையில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லிக்கு வாய் முந்திக்கொண்டது.

“இதுக்கு நான் ஏறாம வேற யாரு ஏறுவா டீச்சர்?”

ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போனார். கிடங்குச் சுவரில் ஏணியைச் சாய்த்தார். அண்ணாந்து பார்த்தார். ஆறு படி ஏறினார். அதற்கு மேல் கை ஏணியை விட்டு வரமாட்டேன் என்றது. இறங்கிப் புல்லில் உட்கார்ந்து வேர்வையில் நனைந்த சட்டை காயும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார். பட்டறைக்குப் பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு உண்டு. வீட்டு ஸ்டூலைப் போட்டால் அதன் கூரை கைக்கு எட்டும். வானம் எல்லாக் கூரைக்கும் ஒன்றுதானே, அங்கே விழுகிற தூசி இங்கே மட்டும் விழாதா என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டே இரண்டு பை கூட்டி அள்ளினார். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். உயரத்தில் காற்று எப்படி அடித்தது என்றுகூடச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசைமேல் நுண்ணோக்கி இருந்தது. தூசியைக் கழுவி, காந்தத்தால் இழுத்து, ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு உருண்டைகள். இவ்வளவு கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று கண் பளபளக்கச் சொன்னார். ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. பார்சல் நாளைக்குப் போகிறது. பொட்டலத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: இடம், கிடங்குக் கூரை. எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பேர், பல்லி இல்லாமல், முழுசாக.

பல்லி குனிந்து பார்த்தார். கறுப்பாக, வழவழவென்று, நீலம் பாய்ந்த குண்டுமணிகள். ஒன்றிரண்டுக்குச் சின்ன வால். முப்பது வருஷமாகக் காலடியில் மிதிபட்டவை. கிரைண்டரை வைத்தால் சீறிப் பறக்கிற பொறி ஆறினால் இப்படித்தான் ஆகும். பெற்ற பிள்ளைகள் கூட்டத்தில் அப்பனைக் கண்டுகொண்ட மாதிரி எல்லாம் அவரையே பார்த்தன.

“பட்டறைப் பொறியும் இப்படித்தான் உருண்டையா இருக்குமாண்ணே. அதான் பட்டறையே இல்லாத பக்கமா அந்தக் கிடங்கைப் பிடிச்சேன்,” என்றார் டீச்சர்.

“நல்லா இருக்கு டீச்சர்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. என்ன என்று மனைவி ஒரு தடவைதான் கேட்டாள். சொன்னார். அவள் முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை.

“ஸ்டூல்ல உங்க செருப்புத் தடம் பார்த்தேன். கிடங்குக் கூரைக்கு யாரு ஸ்டூல் போட்டு ஏறுவா?”

“ஏறப் பயம்னு உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?”

“ரெண்டு வருஷமா இந்த வீட்டுல பல்பு மாத்துறது யாருங்க?”

காலையில் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தம்மா பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“அதை அனுப்பாதீங்க டீச்சர். அது என் பட்டறைக் கூரை. எனக்கு இப்ப ஏற வரலை.”

டீச்சர் திட்டியிருந்தால் தேவலை. பார்சலைத் திண்டில் வைத்துவிட்டு மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

“முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே.”

“பலகையில பல்லின்னு எழுதி வச்சிருக்கேனே,” என்றார் அவர்.

உள்ளே போய் நிலையத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார் டீச்சர்: முன்பு எழுதியது தவறு, பொறுத்துக்கொள்ளவும். எழுதி முடிக்கும்வரை பல்லி எதிரே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பேனா நகர நகர அவருக்குக் காது மடல் சுட்டது. கடிதத்தில் அவர் பேர் எங்கேயும் இல்லை. தப்பு முழுவதையும் அந்தம்மா தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவர்களில் ஒருவனும் டீச்சரும் கிடங்குக் கூரையில் ஏறினார்கள். தன் பழைய பெல்ட்டை டீச்சருக்குக் கட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பல்லி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே துடைப்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்க்கவில்லை.

அத்தனை தூசியிலும் இரண்டே இரண்டுதான் தேறின. நிலையத்தார் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். டீச்சருக்கு மட்டும் சந்தேகம் இல்லை. பல்லியும் நுண்ணோக்கியில் பார்த்தார். வழவழப்பு இல்லை, பனி உறைந்த கண்ணாடிமேல் விழுகிற மாதிரி வரிவரியாகக் கோடுகள். இரும்பை உருக்கியே பிழைத்தவர், இப்படி ஒரு இறுகலைப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது டீச்சர் பழைய பொட்டலத்தை நீட்டினார். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது.

“இது உங்களோடதுண்ணே.”

நூற்றுப் பன்னிரண்டும் அதற்குள் இருந்தன. பட்டறை டப்பாவில் ஸ்க்ரூக்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார். எறியவும் மனசு வரவில்லை, எடுத்து ஒருத்தருக்குக் காட்டவும் முகமில்லை.