பத்தரை மணிப் புதிர்

பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அவள். எங்கள் வகுப்பில் அவளைவிட வேகமாக யோசிக்கிற ஆள் கிடையாது. படிப்பு முடிந்ததும் நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். இப்போது கோச்சடையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அவள் கல்யாணமாகிப் பழைய மதுரைக்குள் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குப் போனாள். இரண்டு பெண் குழந்தைகள். வேலைக்குப் போகவே இல்லை. "போகாதன்னு யாரும் சொல்லல புள்ள. போன்னும் யாரும் சொல்லல," என்றாள் ஒருமுறை.

அவள் படித்த படிப்புக்கு மிச்சமிருந்தது டிசம்பர் மாதம் மட்டும்தான். ஓர் இணையதளத்தில் அந்த மாதம் முழுக்க, தினமும் காலை பத்தரைக்கு ஒரு புதிர் வரும். அதைத் தீர்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி, அது தருகிற விடையை அங்கே இட வேண்டும். சரியாக இருந்தால் ஒரு நட்சத்திரம். எங்கள் இருவருக்கு மட்டுமாக ஒரு பட்டியல் வைத்திருந்தோம். யார் எப்போது முடித்தார்கள் என்று அதில் தெரியும். எப்போதும் அவள்தான் முந்துவாள். மாமியார் பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்ன ஒரு லேப்டாப்பில், உலை கொதிப்பதற்குள் பாதியை முடித்துவிடுவாள்.

ஒரு டிசம்பரில் ஒருநாள் என் புரோகிராம் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது, விடை வரவில்லை. மத்தியானம் போன் செய்தாள். "மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் பிடிபட்டுச்சு. அந்த நம்பரெல்லாம் ஒரு கட்டத்துக்கு மேல அதே வரிசையிலதான் திரும்பித் திரும்பி வருது. ஒரு சுத்தைக் கண்டுபிடிச்சாப் போதும் புள்ள, மிச்சத்த ஓட்டவே வேணாம்!" அப்படியொரு சந்தோஷத்தை அவள் குரலில் அவளுடைய கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, சொன்னால் தானே புரோகிராம் எழுதித் தருகிற ஏஐ கோடிங் ஏஜென்ட்டைப் பழகிக்கொள்ளும்படி எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எதை வைத்துப் பழகுவது? டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தரை ஆனதும் அதுவே புதிரை எடுக்கும், புரோகிராம் எழுதும், ஓட்டிப் பார்க்கும், தப்பாக வந்தால் திருத்தும், கடைசியில் விடையை என் பெயரில் இடும். அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தேன். முதல் நாள் நான் சட்னி அரைத்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எடுத்துக்கொண்டது மூன்று நிமிடம்.

உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"என்னடி, மூணு நிமிசமா! காலைல எந்திரிச்சு பாதாம் தின்னியா?"

நான் சிரித்தேன். "சும்மா. இன்னைக்கு ஈசியா இருந்துச்சுல்ல," என்றேன்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், சொல்ல எனக்கு மனசும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளைவிட என் பெயர் மேலே இருந்தது.

பத்தாம் நாள் அவள் குரல் கம்மியிருந்தது. "உனக்கு ஆறு நிமிசம். நான் மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன், ஒண்ணும் ஓடல. எனக்கு மூளை மழுங்கிப்போச்சு புள்ள. சோறாக்கி, துணி துவைச்சு, அம்புட்டும் போச்சு." அவள் அழுவது கேட்டது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் அவள் விடை போடவில்லை. அடுத்த நாளும் இல்லை. என்னுடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மாமியார் தொழுதுகொண்டிருந்தார். அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீ போடவே இல்லையா? ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அடுப்பை அணைத்தாள். "ஏமாத்துனதுக்குக்கூட எனக்குக் கோவம் வரல. அன்னைக்கு போன்ல அழுதேன்ல. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அதைக் காட்டு," என்றாள்.

அவள் பாதியில் விட்ட புதிரையே அதற்குக் கொடுத்தேன். அது எழுதியது. விடை தப்பாக வந்தது. எங்கே தப்பென்று அதுவே கண்டுபிடித்துத் திருத்தியது. விடை வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதுது. நானும் இந்த வழியிலதான் வந்தேன். இந்த எடம் வரைக்கும் வந்துட்டேன்." விரல் ஒரு வரியில் நின்றது. "ஆனா, இனி நான் எதுக்கு?"

அவள் டீ போட்டு, தட்டில் பிஸ்கட்டோடு வைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் விருந்தாளிகளுக்குத்தான் அப்படிக் கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஏற்பாட்டை அழித்தேன். அடுத்த டிசம்பருக்கு முன்பு அவளிடம் கெஞ்சினேன், இந்தத் தடவை நிஜமாகவே நானே போடுகிறேன் என்று.

"நீ சொன்னா நம்புவேன் புள்ள. அது இல்ல. நான் இங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது, அந்தப் பக்கம் அது மூணு நிமிசத்துல முடிச்சிரும்னு தெரியும்ல. தெரிஞ்சப்புறம் எப்படி உக்கார்றது?"

இப்போதும் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகளின் பரீட்சை, யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கடையில் துணி நன்றாக இருக்கிறது. பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. "சரி வச்சிரட்டா, வேலை கிடக்கு," என்பாள்.

அலுவலகத்தில் ஏஜென்ட் எழுதுவதைப் பார்த்துச் சரி சொல்வதுதான் இப்போது என் வேலை. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. போன வாரம் அவனியாபுரத்தில் ஒரு விசேஷத்துக்காக ஷேர் ஆட்டோவில் போனேன். பழங்காநத்தத்தில் வண்டி நகராமல் நின்றது. ஒரு சின்னக் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாமென்று நினைத்தேன். பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள், வலப்பக்கமும் கீழேயும் மட்டுமே நகரலாம் என்றால், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக எத்தனை வழி. கல்லூரியில் விளையாட்டாகப் போட்டது. முதல் கட்டத்தை நினைத்தேன், இரண்டாவதை நினைத்தேன். அதற்கு மேல் மனம் எதையும் செய்யவில்லை. வேறு யாரோ விடை சொல்லப்போகிறார்கள் என்பதுபோல அது சும்மா காத்துக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பி, நான் இறங்க வேண்டிய இடம் வரும்வரைக்கும் அப்படியேதான் இருந்தது.