கடலுக்குக் கொடுத்த மாத்து

என் தம்பி ஜெயவேல் இஸ்திரி போட்ட காலரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று ராயபுரத்தில் கேலியாகச் சொல்வார்கள். கேலியென்றாலும் எனக்குப் பெருமைதான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் வெளுப்பது எங்கள் குடும்பத் தொழில். அவனைப் போல மடிப்பு வைக்க எங்கள் தெருவில் வேறு ஆள் கிடையாது. துணியில் ஒரு பொத்தான் போயிருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனசு வராது. தைத்துத்தான் கொடுப்பான். அந்தக் குணம்தான் அவனை மாட்டிவிட்டது.

முப்பத்து மூன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. சரக்கு ஏற்றுகிற கப்பல் இல்லை. தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்த சீமைப் பணக்காரர்கள் பினாங்கு, சிங்கப்பூர், பத்தேவியா, பாலி என்று தீவு தீவாக வெயில் காய்ந்துகொண்டு போவதற்கென்றே விட்ட கப்பல். அதன் சலவைக்காரர் ஒருவர் காய்ச்சலில் இங்கே இறங்கிவிட, அந்த இடத்துக்கு ஜெயவேலைக் கூட்டிப் போனார்கள். தகரப்பெட்டியோடு அவன் படியேறியதைப் பார்க்க எங்கள் தெருவே துறைமுகத்தில் நின்றது.

மாசியில் கப்பல் திரும்பி வந்து இரண்டு நாள் நின்றது. வீட்டுக்கு வந்தவன் இளைத்துப் போயிருந்தான். தீவுகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னான். பூமாலை போட்டு வரவேற்ற பெண்களையும், கப்பலின் மேல்தட்டில் நீந்துவதற்குக் கட்டியிருந்த குளத்தையும், தினமும் சாயங்காலம் வாசித்த பாண்டையும் சொன்னான். சொல்லும்போதெல்லாம் ஒரு கை நெஞ்சை மூடியே இருந்தது.

மறுநாள் அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். உச்சி வெயிலில் மற்றதெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அந்தச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஈரம். அந்த இடத்தில் ஒரு பொத்தானையும் காணோம்; அறுத்த நூல்தான் இருந்தது. கரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தேன். ஆவியோடு கடல் வாடை வந்தது. துணியில் உப்புப் பூத்தது. பெட்டியை எடுத்ததும் ஈரம் மறுபடி ஊறியது. நான் அலசியது கிணற்றுத் தண்ணீரில்.

"இன்னாடா இது?" என்றேன்.

"அத்த வுடுக்கா. நெஞ்சும் அப்டித்தான் கீது. தொட்டுப் பாரு."

தொட்டேன். கூடையில் கிடக்கிற மீனைத் தொட்டது போல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னான். மேல்தட்டில் தனி அறையில் வயதான சீமாட்டி ஒருத்தி இருந்தாள். முத்துச்சிப்பிப் பொத்தான் வைத்த அவளுடைய வெள்ளை உடுப்பு அடிக்கடி சலவைக்கு வரும். பத்தேவியாவைத் தாண்டிய பிறகு ஒரு நாள் அது கழுத்துப் பொத்தான் அறுந்து வந்தது. அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. ஜெயவேல் தன் சட்டையிலிருந்த எலும்புப் பொத்தானை அறுத்து அதில் வைத்துத் தைத்தான். இஸ்திரி போட்டு, அறைக்குக் கொண்டுபோய், அலமாரியில் மாட்டினான். அறையில் யாரும் இல்லை. சாப்பிடப் போயிருப்பாள் என்று வந்துவிட்டான்.

அந்த உடுப்பில்தான் அவள் செத்துப்போயிருந்தாள்; அதற்கு முதல் நாளே அவளைக் கடலில் இறக்கிவிட்டிருந்தார்கள். பயணிகளின் உல்லாசம் கெடக் கூடாதென்று கப்பல்காரர்கள் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமும் பாண்டு வாசித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் எங்களுக்குத்தான் ஆள் வரும். பாடை போகும் வழியில் விரிக்க நாங்கள் வெளுத்த துணி கொடுக்க வேண்டும். அதற்கு மாத்து என்று பெயர். காரியம் முடிந்ததும் முனையில் ஒரு பிடி அரிசி முடிந்து மாத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அது திரும்பி வந்தால்தான் அந்தச் சாவு முடிந்தது. செத்தவர் கடைசியாக உடுத்திய துணி எங்களைச் சேர்ந்தது. அதை வெளுத்து அந்த வீட்டுக்குள் மறுபடி கொண்டுபோகவே மாட்டோம். கொண்டுபோனால் அதை உடுத்தச் செத்தவரே திரும்பி வந்துவிடுவார் என்பார்கள்.

ஜெயவேல் கொண்டுபோய்விட்டான். யாரும் சொல்லி அனுப்பவில்லை, ஆகவே யாரும் சாகவில்லை என்று எண்ணிக்கொண்டான். எங்கள் பிழைப்பில் வளர்ந்தவன் வேறு எப்படி எண்ணுவான்? போதாததற்குத் தன் உடம்பில் கிடந்த ஒரு பொருளையும் கூடவே கொடுத்துவிட்டான்.

மறுநாள் அந்த அறையின் அழுக்குப் பை வந்திருந்தது. உள்ளே அதே உடுப்பு, கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட. அந்தச் சீமாட்டியம்மா துணியோடு குளத்தில் இறங்கிவிட்டார்களா என்று அறைகளைப் பார்த்துக்கொள்ளும் லியோனார்டிடம் சிரித்தபடி கேட்டிருக்கிறான். லியோனார்ட் பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியர். அவர் சிரிக்கவில்லை.

"இன்னா மேன் சொல்றே? அவங்க போயிட்டாங்க மேன். நேத்து நைட்டே ரூமைப் பூட்டி சாவி என் பாக்கெட்ல கீது."

அதிலிருந்து தினமும் அந்தப் பை வந்தது. கொண்டுவந்து வைத்தவரை யாரும் பார்க்கவில்லை. உடுப்பை எத்தனை முறை பிழிந்தாலும் அது காயவில்லை. அவன் நெஞ்சு குளிர ஆரம்பித்ததும் அப்போதுதான்.

"நான் கப்பலுக்குப் போலக்கா. இங்கயே பட்த்துக்கறேன்," என்றான்.

எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அவன் எங்கே படுத்தாலும் அந்தக் குளிரும் கூடவே படுக்கும். எங்கள் மாத்துத் துணியை எடுத்தேன். அதன் ஓரத்தில், எத்தனை வெளுத்தாலும் அழியாத சேங்கொட்டைப் பாலால் எங்கள் வீட்டுக் குறி போட்டிருக்கும். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

"மொறை இன்னாவோ அத்த செஞ்சிட்டு வந்துரு. வெள்ளக்காரிக்கு மட்டும் வேற சாவா?"

அவன் துணியை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"திருப்பித் தர்ணும்னு அவங்களுக்குத் தெரியுமாக்கா?"

நான் அவன் தகரப்பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன்.

கப்பல் கொழும்புக்குப் போகும் வழியில், பின்தட்டில், பட்டப்பகலில், லியோனார்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்க, ஜெயவேல் அந்த உடுப்பை மாத்தில் சுற்றிக் கடலில் இறக்கினான். உடுப்பு உடனே அமிழ்ந்துவிட்டது. மாத்து மட்டும் பிரிந்து, வழியில் விரித்தது போல நீளமாக, கப்பலுக்குப் பின்னால் வெகுநேரம் வந்துகொண்டே இருந்ததாம். மறுநாள் பை வரவில்லை.

ஆனால் நெஞ்சின் குளிர் போகவில்லை. கொழும்பில் இறங்கி ரயிலேறி வீடு வந்து சேர்ந்தான். சித்திரை வெயிலில் கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தான். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வியாதி ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். சீமைக் குளிரைச் சம்பளத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று தெருவில் சிரித்தார்கள். பிறகு அவன் உதடு நீலம் பாரித்ததும் சிரிப்பை விட்டார்கள்.

மாத்து திரும்பாமல் அவன் பிழைக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காசிமேட்டுக்குப் போய்க் கட்டுமரக்காரர்களிடமெல்லாம் எங்கள் குறியைச் சொல்லிவைத்தேன். கஸ்பார் என்கிற மீன்காரர் என்னைக் கண்டாலே வம்புக்கு இழுப்பார்.

"கடல்ல போட்டத்த வெளுத்து, இஸ்திரியும் போட்டுத் தர்ணுமா பூவம்மா?" என்பார்.

ஜெயவேல் கஞ்சியை விழுங்கவும் முடியாமல் போன சமயத்தில் ஒரு காலையில் கஸ்பார் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையிலிருந்ததை வாசலில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"வலைல மாட்டல. திருவொத்தியூருக்கு நேரா, தண்ணி மேல கெடந்துச்சு. காஞ்சு கெடந்துச்சு," என்றார். வந்த வழியே போய்விட்டார்.

குறி எங்களுடையது. மடிப்பு எங்களுடையது அல்ல. ஓரங்களை உள்ளே தள்ளி, சின்னக் கைக்குட்டையை மடிப்பது போல யாரோ மடித்திருந்தார்கள். முனையில் ஒரு முடிச்சு இருந்தது. அரிசியாக இருக்குமோ என்று பல்லால் அவிழ்த்தேன். வாயெல்லாம் உப்பு. உள்ளே ஜெயவேலின் எலும்புப் பொத்தான், அவன் போட்ட நூல் முடிச்சோடு.

அதை அந்தச் சட்டையில் வைத்துத் தைத்தேன். நூலை அறுத்தபோதே என் கையடியில் துணி உலர்வது தெரிந்தது. உள்ளே கம்பளியை உதைத்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, வேர்க்குதுக்கா," என்றான்.

இப்போது அவன் கப்பல் ஏறுவதில்லை. மார்கழி வந்தால் வெள்ளைக் கப்பல்களின் மூட்டைகள் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. வண்டிக்காரரை நிறுத்தி, கப்பலில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு வரச் சொல்வான். துறைமுகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை அவன் ஒரு மூட்டையின் கயிற்றைக்கூடத் தொடுவதில்லை. நானும் தொடுவதில்லை.