இடுப்பில் இருந்த சுருதிப் பெட்டி

ஸ்ரீரஞ்சனிக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற ரகம். ஊசி இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. அன்றைக்கே அம்மா சூடாமணி ஒரு சட்டம் போட்டாள்: "ஆத்துக்கு வெளியில மூச்சு விடப்படாது. நாளைக்கு உன்னை யார் பண்ணிப்பா?"

பண்ணிக்கொண்ட பிரணவிடம் அவளே நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அவனும் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தான். ஆனாலும் அம்மாவின் சட்டம் அவளை விடவில்லை. மயிலாப்பூர் சபாக்களில் பாடிய காலமெல்லாம், கச்சேரிக்கு முன்னால் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்வாள். தெரிந்தால் ஜனங்கள் 'பாவம்' என்பார்கள். பாட்டு நன்றாக இருந்தாலும் பாவம், சுமாராக இருந்தாலும் பாவம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் அப்படி நடுங்கினாள்.

பிரணவின் பிடிவாதத்தால்தான் பம்ப் வந்தது. உள்ளங்கையளவு பெட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய், அதன் நுனி வயிற்றில் ஒட்டியிருக்கும். சொட்டுச் சொட்டாக இன்சுலின் தானே இறங்கும். வேளாவேளைக்குக் குத்திக்கொள்கிற கஷ்டம் போயிற்று. ஆனால் ஊசியைப் பைக்குள் போட்டு மறைத்துவிடலாம். இதை எங்கே மறைப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

மாட்டிய வாரமே சபா காரியதரிசி கல்யாணராமன் மாமாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"இடுப்புல என்னது அது? புது சுருதிப் பெட்டியா?"

மயிலாப்பூரில் ஒரு பாடகியின் இடுப்பில் பெட்டி தெரிந்தால் வேறென்ன தோன்றும்!

"ஆமாம் மாமா" என்றாள்.

"அடேடே, இவ்வளவு சின்னதாவா! எங்க கிடைக்கறது?"

வெளிநாட்டில் என்று எதையோ சொல்லி மழுப்பினாள். வீட்டுக்கு வந்து பிரணவிடம் சொன்னபோது இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அடுத்த கச்சேரிக்கு யாரும் கேட்கவே இடம் வைக்கக்கூடாது என்று, பட்டுப்புடவைக் கொசுவத்துக்குள் ஆழமாகச் செருகி, மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு சஹானா ராகம். கீழ் ஸ்தாயியில் ஒரு இடத்தில் நின்று, அவை முழுவதையும் அங்கேயே நிறுத்தியிருந்தாள். இடுப்பில் பெட்டி அதிர்ந்தது. கண்டுகொள்ளவில்லை. சம்மணம் போட்டதில் குழாய் மடிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி அதைச் சொல்லாமல் விடுகிற ஜாதி இல்லை. அதிர்ந்து பார்த்துவிட்டு, வாயைத் திறந்து கத்த ஆரம்பித்தது. பீப், பீப், பீப்.

முன்வரிசை முகங்கள் சுளித்தன. எல்லோருடைய கண்ணும் பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டிருந்த தேவானையிடம் போயிற்று. மந்தைவெளிக்காரி, ஸ்ரீரஞ்சனியின் முதல் கச்சேரியிலிருந்து பின்னால் உட்காருகிறவள். அவள் மடியருகே பழைய ஃபோன் ஒன்று இருந்தது.

ஸ்ரீரஞ்சனி மடியில் போட்டிருந்த சால்வைக்கு அடியில் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே, எல்லோரையும் போல அவளும் தேவானையைத் திரும்பிப் பார்த்தாள்.

தேவானை பதறிப்போய்த் தன் ஃபோனை அணைத்தாள்.

கச்சேரி முடிந்ததும் மாமா குதித்தார். "இத்தனை வருஷமா மேடையில உக்கார்றேள், ஃபோனை அணைக்கத் தெரியாதா?" ஸ்ரீரஞ்சனி மடித்த சால்வையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

தேவானை அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்க பாப்பா. நல்ல இடத்துல கெடுத்துட்டேன். எனக்கு என்ன பயம்னா, சத்தம் முன்னாடியிருந்து வந்தாப்புலதான் கேட்டுச்சு. என் மடியில அடிச்சது எனக்கு முன்னாடி கேக்குதுன்னா காது போச்சுன்னுதானே அர்த்தம்? இனிமே நான் தம்புராவைத் தொடக்கூடாது."

அன்று இரவு ஸ்ரீரஞ்சனி பிரணவிடம்கூட இதைச் சொல்லவில்லை. வெட்கம் என்பது இதுவரை தன் வயிற்றில் இருந்த ஊசித் தழும்புகள் என்று நினைத்திருந்தாள். அதெல்லாம் ஒரு வெட்கமா?

மறுநாள் காலையில் மந்தைவெளிக்குப் போனாள். தம்புரா உறைக்குள் போய் மூலையில் சாத்தியிருந்தது.

"யாராவது பழகற பொண்ணுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள் தேவானை.

ஸ்ரீரஞ்சனி பம்பை இடுப்பிலிருந்து எடுத்தாள். ஒலியைச் சோதிக்க அதில் ஒரு வழி உண்டு. அமுக்கினாள்.

தேவானை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகம் மலர்ந்தது. "இதான்! இதே சத்தம்தான்! அப்ப என் காதுக்கு ஒண்ணும் ஆகலை!"

ஸ்ரீரஞ்சனி எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரை, அம்மா, குளியலறை, சுருதிப் பெட்டி. கேட்கக் கேட்க தேவானையின் முகம் மாறியது.

"சீக்கை மறைச்சே, சரி. எல்லாரும் என்னைப் பாத்தாங்க, அதுவும் சரி. நீயும் திரும்பிப் பாத்தியே பாப்பா."

மற்ற எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. இதற்கு இல்லை. "பார்த்தேம்மா" என்று மட்டும் சொன்னாள். அழுகை பிறகுதான் வந்தது.

"எங்கிட்ட அழுதா ஆச்சா? பாத்தவங்க அத்தனை பேரும் அங்கதானே இருக்காங்க" என்றாள் தேவானை.

அதே சபாவில் அடுத்த கச்சேரி. பம்ப் புடவைக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் இருந்தது. வர்ணத்துக்கு முன்னால் மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"போன தடவை இங்க சத்தம் போட்டது தேவானையம்மா ஃபோன் இல்லை. இதுதான். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து சர்க்கரை. இது இன்சுலின் பம்ப். சத்தம் இதுலேர்ந்துதான்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுண்டேதான் அவாளைத் திரும்பிப் பார்த்தேன்."

கல்யாணராமன் மாமா குனிந்து வேட்டிக் கரையை நீவிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு மாமி பக்கத்து மாமியிடம், "பாவம்" என்றாள்.

இத்தனை காலம் எந்தச் சொல்லுக்குப் பயந்து ஒளிந்தாளோ, அதே சொல். மாமி இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஸ்ரீரஞ்சனியின் காதில் அது, தான் செய்த காரியத்தின் பெயராக விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் தேவானை தம்புராவை மீட்ட ஆரம்பித்தாள்.