வரி ஆபீசுக்குப் போன மொய் நோட்டுகள்

என் தங்கை ராமலெட்சுமியின் கணவர் பூமிநாதன் உச்சிப்புளியில் மிளகாய் வியாபாரம் செய்தவர். வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் குண்டு மிளகாய் வாங்கி, கடலோர ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். கூட்டாளி கிடையாது, கணக்குப்பிள்ளை கிடையாது. எல்லாம் அவர் ஒருவரே.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் வரி ஆபீசிலிருந்து அவருக்குக் காகிதம் வந்தது. கணக்கு நோட்டோடு நேரில் வரவேண்டுமாம். மூவாயிரத்துக்கு மேல் லாபம் இருந்தால்தான் வரி. அவருக்கு அந்த வருஷம் இரண்டாயிரத்து எழுநூறுதான். ஆனாலும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு சர்க்கார் முத்திரை என்றாலே பயம். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் துணைக்குப் போனேன்.

அதிகாரி நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கங்களில் நிறுத்தினார். ‘மதார், புதுமடம், ஐந்து. சதக், பெரியபட்டினம், ஐந்து.’ இப்படியே ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழு ரூபாய்.

“இது என்ன வரவு?”

“மொய்ங்கய்யா. எம் மக காதுகுத்துக்கு வந்தது.”

விசேஷத்தன்று வேறு நோட்டு கைக்கு அகப்படவில்லை என்று வியாபார நோட்டிலேயே எழுதிவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

அதிகாரி சிரித்தார். “எல்லாம் உங்களிடம் மிளகாய் வாங்குகிறவர்கள் பெயராகவே இருக்கிறதே. விற்ற பணத்துக்கு மொய் என்று பெயர் வைத்தீர்களா? இதுவும் வருமானம்தான் என்று கையெழுத்துப் போடுங்கள். வரியோடு விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அபராதமும் சேரும்.”

நான் அவர் காதோரம் சொன்னேன். “மாப்ள, போட்டுட்டு வாங்க. ஐம்பது அறுபதோட போயிரும்.”

“எங்கிட்டுப் போகும் மச்சான்? அது அவுக காசு, எங்கிட்ட இருக்கு. நாளைக்கு அவுக வீட்டு விசேசத்துக்குத் திருப்பி எழுதணும். அதை எஞ் சம்பாத்தியம்னு எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட பந்தியில உக்காருவேன்?” அதிகாரியைப் பார்த்து நிமிர்ந்தார். “போட மாட்டேன்ய்யா. ஒத்த ரூவா வரின்னாலும் போட மாட்டேன்.”

“மொய்க்கு ரசீது வைத்திருக்கிறீர்களா?”

“வீட்டுக்கு வீடு இருக்குய்யா. பதினஞ்சு நாள் குடுங்க.”

முன்னே இவர் செய்த மொய் அந்தந்த வீட்டு நோட்டில் இருக்கும். அதற்குப் பதிலாகத்தான் இவருக்குத் திரும்பி வந்தது. அந்த நோட்டுகளைக் கேட்டு சைக்கிளில் அலைந்தார். ஒருவரும் கொடுக்கவில்லை. மொய் நோட்டை வாசல் தாண்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமே இல்லை. அது தொலைந்தால் யாருக்கு என்ன செய்யவேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

பெரியபட்டினத்தில் சதக்கின் மனைவி சபியா சொல்லிவிட்டாள். “அண்ணே, எங்க வீட்டுக்காரரை வேணும்னாலும் கேளுங்க, கூட்டிட்டுப் போயிருங்க. இதை மட்டும் கேக்காதீக.”

உள்ளேயிருந்து சதக்கின் குரல் வந்தது. “கேட்டுக்கிட்டியளா அண்ணே, எம் மதிப்பை!”

பூமிநாதன் சைக்கிளைத் திருப்பியவர், நின்றார். “அப்ப நோட்டைத் தர வேணாம்மா. நோட்டோட நீயே வா.”

போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய் அப்படியே கேட்டார். குறித்த நாளில் பத்தொன்பது பேர் துணியில் சுற்றிய நோட்டுகளோடு வர, எல்லோரும் ரயிலேறினோம். எத்தனை பேர் வருவார்களோ என்று நான் விடிய விடியக் கும்பிட்டது முருகனுக்குத்தான் தெரியும்.

அறை கொள்ளவில்லை. அதிகாரி எழுந்தே விட்டார். “என்ன இது, ஊர்வலமா?”

“நீங்க கேட்ட ரசீதுய்யா,” என்றார் பூமிநாதன்.

சபியா நோட்டை விரித்தாள். பிடியை மட்டும் விடவில்லை. “பாருங்கய்யா, எங்க மூத்தவ நிக்காஹ்வுக்கு அண்ணன் மூணு ரூவா எழுதியிருக்காக. அதுக்குத்தான் நாங்க அஞ்சா எழுதுனோம். மொளகா வாங்குன காசுன்னா, மொளகா விக்கிறவரு எங்களுக்கு எதுக்கு மூணு ரூவா குடுத்தாரு?”

அதிகாரி ஒவ்வொரு நோட்டாக ஒத்துப் பார்த்தார். ஏழாவது நோட்டோடு பேனாவை மூடினார்.

“சரி, இதைச் சேர்க்கவில்லை. போகலாம்.”

எனக்கு உயிர் வந்தது. பூமிநாதன் மட்டும் நகரவில்லை. “இது வருமானம் இல்லைன்னு எந் நோட்டுல அந்தப் பக்கத்துல எழுதிக் குடுங்கய்யா.”

“அப்படி எழுதித் தருவது வழக்கமில்லை.”

“நோட்டை வெளிய எடுக்குறது எங்களுக்கும் வழக்கமில்லய்யா. எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாக, பாருங்க.”

அதிகாரி பத்தொன்பது முகங்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிவப்பு மையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

திரும்பும்போது பூமிநாதன் எல்லாருக்கும் ரயில் காசை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. “எங்க இளையவ நிக்காஹ்வுக்கு மொய்யோட சேத்து எழுதுங்கண்ணே,” என்றாள் சபியா.

மொய்க்கென்றே ஸ்டேஷன் கடையில் வாங்கிய புது நோட்டை மடியில் வைத்து, பிள்ளையார் சுழி போட்டார். ஓடுகிற ரயிலில் எழுத்து கோணிக்கொண்டு போனது. முதல் வரியில் சபியா வீட்டு ரயில் காசை ஏற்றினார்.