ரெஜினா அக்காவின் ஃப்ரீசரில் மீன் இருந்ததே இல்லை

ரெஜினா அக்கா போய்விட்டார். இன்று காலை. சாயங்காலமே அடக்கமும் முடிந்துவிட்டது.

"ஏன் இவ்ளோ அவசரம்? ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா?" என்று கல்லறையில் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது... காரணம் சொல்கிறேன்.

பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்குகிறவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். கூரைமேல் சோலார் பேனல் வைத்த மீன் கடை. அந்த பேனலை மாட்டியவன் நான்தான். மந்தைவெளியில் இருந்துகொண்டு சோலார் வேலை எடுத்துச் செய்கிறேன்.

ஒரு உதவிக் குழு அவருக்கு ஃப்ரீசரும், அதை ஓட்ட பேனலும் பேட்டரியும் வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் மிஞ்சுகிற மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம், உள்ளே வைத்து மறுநாள் விற்கலாம் என்பது அவர்கள் யோசனை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாட்டி முடித்த மறுநாள் அவருடைய பழைய வாடிக்கை, சாந்தோம் டீச்சரம்மா ஒருவர் வந்திருக்கிறார். ஃப்ரீசரைப் பார்த்ததும், "என்ன ரெஜினா, நீயும் ஐஸ் மீனா?" என்று கேட்டுவிட்டு நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

உடனே எனக்கு போன். "நைனா, இத்த வந்து தூக்கிக்கினு போ. எம் பேரே நாறிப் பூடும்."

"மிஞ்சுற மீனு வீணாப் போகாதுல்லக்கா..."

"மிஞ்சினா உப்பு போட்டுக் கருவாடா விப்பேன். நேத்து மீன இன்னிக்கி வித்தான்னு ஒர்த்தி சொல்லிட்டா, அப்பால நா இன்னாத்துக்குக் கடைய தொறக்கணும்? அன்னன்னிக்கி மீனு அன்னன்னிக்கே பூடணும்."

ஸ்பேனரோடு போனேன். கழற்றத்தான் போனேன். அக்கா ஃப்ரீசரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வச்சா ஐஸு ஆவுமா?"

"ஆகும்கா."

"அப்ப இர்க்கட்டும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஃப்ரீசரில் தண்ணீர் பாக்கெட் மட்டும்தான். ஐஸ் வண்டி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை ஒழிந்தது, பக்கத்துக் கடைக்காரர்களும் அவரிடமே ஐஸ் எடுத்துக்கொண்டார்கள்.

வருகிற ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து காட்டுவார். "பாத்துக்கோ, வெறும் ஐஸு." டீச்சரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தே காட்டினார். அந்த அம்மா அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, சங்கரா வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு நாள்... நல்ல மே மாத வெயில். என் மொபைல் ஆப்பில் அக்கா கடை பேனலில் மட்டும் கரண்ட் படுத்துவிட்டது. பதறிப்போய் ஓடினேன்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பேனல் முழுக்க நெத்திலி! காக்கா கொத்தாமல் இருக்க மேலே கிழிந்த வலை வேறு.

"அக்கா, இது வெயில் வாங்குற தட்டுக்கா!"

"அத்தொட்டுதான நைனா போட்டேன். சும்மா கொதிக்குது. மணல்ல போட்டா ரெண்டு நாளு, இதுல ஒரே நாள்ல முறுக்காட்டம் ஆயிடுது."

கோபப்படத்தான் நினைத்தேன். ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். கடைசியில் மிச்சமிருந்த கம்பியை வைத்து, கருப்புத் தகடு போட்டு, பேனலுக்குப் பக்கத்திலேயே கருவாடு காயவைக்க ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். அந்த நெத்திலியை வறுத்துச் சாப்பிட்டவர்கள் இந்த ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டிலேயே சிலர் இருக்கிறீர்கள். கமென்டில் சாட்சி சொல்லவும்.

அடையாறில் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் சோலார் போட்ட ஒரு ஃப்ளாட், தி.நகரில் துணிக்கடைப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலின் வெந்நீர் டேங்க்... எல்லாம் அக்கா பிடித்துக் கொடுத்த வேலைகள். மீனை ஆய்ந்துகொண்டே கேட்பார், "உனக்குக் கரண்ட் பில்லு எவ்ளோ வருது? எங்கிட்ட ஒரு பையன் கீறான்." எனக்கு அவரைப் போல ஒரு சேல்ஸ் மேனேஜர் இனிமேல் கிடைக்கப்போவதில்லை.

ஒரு டிசம்பர் புயலில் ஏரியாவே கரண்ட் இல்லாமல் கிடந்தது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் மீன் பலகையைக் கழுவித் துடைத்து, ஊரார் போனையெல்லாம் அதில் பரப்பி வைத்து சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் திட்டு விழுந்தது.

இன்று காலை தி.நகரில் ஒரு கடை மாடியில் வேலையாக இருந்தபோதுதான் அவர் மகன் ஆண்டனியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டு வாசலில், உடலை வைக்கிற ஐஸ் பெட்டி வந்து நின்றிருந்தது. சொந்தக்காரர் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆண்டனி அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா அப்பவே சொல்லி வச்சிச்சுண்ணே. 'என்னப் பொட்டில கிட்டில போட்ராத. அன்னன்னிக்கி மீனு அன்னன்னிக்கே'ன்னு..."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, அப்படியே உடைந்து அழுதுவிட்டார். நானும்தான்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது கடைக்குப் போனேன். ஃப்ரீசரை ஆஃப் பண்ணிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். நேற்று அக்கா கட்டி வைத்த தண்ணீர் பாக்கெட் எல்லாம் கல்லாக உறைந்து கிடந்தன.

பக்கத்துக் கடை கன்னியம்மா குரல் கொடுத்தார். "அணைக்காத தம்பி. காலைல வந்து எடுத்துக்கிறோம். அது போட்ட ஐஸு."

அணைக்கவில்லை.

நிம்மதியாகக் கிளம்புங்கள் அக்கா... உள்ளே ஒரு மீன்கூடப் போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.