ஜாக்கியில் நின்ற லாரியை நான் ஓட்டியது

இன்று காலை என் மகன் எங்கள் பழைய லாரியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினான். ஸ்டியரிங் ஏன் ஆடுகிறது என்று பார்க்க அடியில் படுத்துக்கொண்டான்.

"அம்மா, மேல ஏறி ஸ்டியரிங்க இப்பிடியும் அப்பிடியும் திருப்பும்மா."

அவன் அப்பா இருந்தவரை என்னை அதைத் தொடவிட்டதில்லை. எங்கே போனாலும் எனக்குக் கிளீனர் சீட்டுதான்.

ஏறி உட்கார்ந்து பிடித்தேன். சக்கரம் தரையில் படாததால் ஸ்டியரிங் லேசாகத் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டேன். ஆர்.கே.பேட்டையைத் தாண்டி, பள்ளிப்பட்டில் நான் பிறந்த வீட்டு வாசலுக்கே போய் ஆரன் அடித்துவிட்டேன்.

"ஐயோ, காது போச்சு! நான் ஜாயிண்ட பாத்துகினு கீறேன், நீ எங்கம்மா போய்கினு கீற?"

"பள்ளிப்பட்டுக்கு நைனா."

"நிக்கிற வண்டிக்கு யாரு குறுக்க வந்தாங்க?"

தேய்ந்த ஜாயிண்டை மாற்றி வண்டியை இறக்கிவிட்டான். சாவி அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

சக்கரம் தரையில் இருக்கும்போது ஒரே ஒரு தடவை ஓட்டக் கேட்டுப் பார்க்கட்டுமா? கொடுப்பானா, சொல்லுங்கள்.