அக்கா திறந்த லேப்டாப்

ஒரு சாதனத்தை வீட்டில் யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் வேலை. பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தொண்ணூறுகளின் கடைசியில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு சர்வீஸ் சென்டரில் நான்கு வருடம் இருந்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், அபூர்வமாக ஒரு லேப்டாப் வரும். கொண்டுவருகிறவர் கதை சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சாதனத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு ஸ்குரூவின் மேல் கம்பெனி ஒட்டியிருக்கும் வெள்ளிநிறத் துண்டுத் தாளைத் தேடுவேன். அதற்குப் பெயர் சீல். சீல் கிழிந்திருந்தால் வாரண்டி கிடையாது. தொடவே இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எல்லாரிடமும் அப்படி நடந்துகொண்டேன் என்றும் சொல்ல முடியாது. ரிப்பேர் முடிந்தபின் ஒட்டுவதற்காகச் சென்னை ஆபீஸ் கொடுத்த புது சீல் ஒரு சுருள் என் மேசை டிராயரில் கிடந்தது. தெரிந்த காண்டிராக்டர் ஒருவருடைய பிரிண்டருக்கு இரண்டு தடவை பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டி வாரண்டியில் அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கும் அது தெரியும். எங்கள் மாடியில் சட்டம் ஆளைப் பார்த்துத்தான் பேசும்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவள் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கை வாத்தியார்கள் நான் அங்கிருந்து போகும்வரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்ப வேண்டிய வருடத்தில், நாளைக்குத் தம்பிக்கு வேண்டாமா என்று அப்பா கேட்டார். அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸாகி, பாறசாலைக்குக் கிழக்கே ஒரு வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனாள். நான் பாலிடெக்னிக்கில் இரண்டு பேப்பரை மூன்றாவது தடவை எழுதி முடித்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அத்தானுக்கு மஸ்கட்டில் வேலை. ஒரு லீவுக்கு வரும்போது லேப்டாப் கொண்டுவந்தார். எந்த நாட்டிலும் செல்லும் ஒரு வருட வாரண்டி அட்டையோடு. அவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை; ஷோகேஸில் வைத்து, வருகிறவர்களுக்குத் திறந்து காட்டி, மூடி, பூவேலை செய்த துணியால் போர்த்துவார். அவர் திரும்பிப் போகும் நாளில், அதில் நாலு பேருக்கு டைப் அடித்துக் கொடுக்கட்டுமா என்று அக்கா கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அடிச்சுக்கோ," என்றார். "ஆனா நான் திரும்பி வாறப்ப இது கொண்டுவந்த மாதிரியே இருக்கணும். ஒரு கேடு வந்தா அன்னைக்கே நிறுத்திப்போடணும், கேட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொன்னதைத்தான் பிறகு மறக்கவே மாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பத்து மாதத்தில் அக்காவின் நடை மாறிவிட்டது. குளத்தூரில் ஒரு பாஸ்டருடைய பிரசங்கப் புத்தகம், அதியன்னூரில் ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை, ஆரியங்கோட்டில் ஒரு டீச்சருடைய எம்.பில். ஆய்வேடு என்று வேலைகள் அவளைத் தேடி வந்தன. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் எதுவானாலும் அடிப்பாள். எழுதிக் கொடுத்தவர்களுடைய பிழைகளைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து, திருத்தட்டுமா என்று கேட்டு அடிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த வருடத்தில்தான்.

பிறகு நவராத்திரியின் பூசைவைப்பு வந்தது. புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. மாமியார் லேப்டாப்பையும் வைத்துவிட்டார். மேலே சந்தனம், அதை ஒட்டி அவல், பொரி, சர்க்கரை, பழம். மறுநாளே எறும்பு வரிசை கட்டிவிட்டது. கீபோர்டின் இடுக்குகள் வழியாக அவை உள்ளே போவதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பூசையில் இருப்பதைத் தொட்டால் மாமியார் அந்த வீட்டையே புரட்டிப் போட்டிருப்பார். சாமி பார்த்துக்கொள்ளும் என்று வேறு சொன்னாராம். சாமி எறும்புகளைத்தான் பார்த்துக்கொண்டது.

எடுத்த அன்று மத்தியானம், மாமியார் தூங்கும் நேரத்தில், தையல் மெஷின் டப்பாவில் இருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை வைத்து அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். சுத்தம் செய்தாள், மூடினாள். அதன் பிறகு மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அத்தான் லீவில் வந்து இறங்கிய நான்காம் நாள் நின்றுபோனது.

இதெல்லாம் அவளே வந்து சொன்னதுதான். அத்தான் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முந்தின நாள், குடையும் கையில் ஒரு பொட்டலம் பழம்பொரியுமாகத் தனியாக மாடி ஏறி வந்தாள்.

"மக்கா, நான் ஒரு காரியம் செய்துபோட்டேன்," என்று ஆரம்பித்தாள். பயந்துதான் ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லப் பயம் போய்விட்டது. "காலண்டர் தாள்ல அதுக்க படம் வரைஞ்சு, எந்த ஸ்குரூ எங்க இருந்துதோ அங்கயே வச்சேன். எல்லாம் ஒரே நீளம் இல்ல கேட்டியா. நடுவுல உள்ளது குட்டை. மாத்திப் போட்டா மேல குத்தி வந்துரும். எலே, உள்ள எத்தனை அழகா அடுக்கி வச்சிருக்கான் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"இப்ப நிண்ணதுக்கும் எறும்புக்கும் சம்பந்தம் இல்ல மக்கா. சார்ஜ் வயர் குத்துற இடத்துல முதல்லேந்தே சூடு உண்டு. அங்க உள்ள சின்ன போர்டுலதான் கேடு. எனக்குத் தோணுது, அது உண்டாக்கினவனுக்க தப்பாக்கும்."

இரண்டு வாரம் முன்னால் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அந்த மாடலில் சார்ஜ் போர்டு பிறவியிலேயே கோளாறு, சீல் சரியாக இருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடு என்று. அதை நான் இரண்டு முறை படித்தும் எந்த போர்டு என்று முதலாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இவள் தையல் மெஷின் டப்பாவோடு உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு வேறு நல்ல வார்த்தை கிடையாது, பொறாமைதான்.

"நீ பொய் ஒண்ணும் சொல்லண்டாம்," என்றாள். "சீலுக்க காரியம் மட்டும் பேசாம இரி. அவரு அறிஞ்சா இந்த வேலை தீர்ந்துது. எனக்கு வேற ஒண்ணும் இல்ல மக்கா."

"பாக்கலாம்," என்றேன்.

எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் சரி என்றுதான் அர்த்தம். அவள் நிம்மதியாகப் படி இறங்கிப் போனாள். நான் பழம்பொரி முழுவதையும் தின்றேன்.

மறுநாள் அத்தானும் அக்காவும் வந்தார்கள். அத்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வாட்ச் தெரியும்படி கையை மேசைமேல் வைத்துக்கொண்டார். "உனக்க வீட்டுல மூளைய எல்லாம் இவளுக்குக் குடுத்திட்டு, உனக்கு சர்டிபிக்கேட்டு குடுத்தாங்க. நீ ஒழுங்காப் பாப்பியா?" என்று சிரித்தார். எப்போதும் சொல்கிற கேலிதான். அன்றைக்கு அது தைத்தது.

திறந்தேன். நான் திறந்து மூடினால் கடைசியில் ஒரு ஸ்குரூவாவது மேசையில் மிஞ்சும். இதில் ஒன்றுகூட இடம் மாறவில்லை, ஒன்றின் தலைகூடத் தேயவில்லை. ஒரு எறும்பின் கால்கூட உள்ளே இல்லை. சார்ஜ் போர்டின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தது, அவள் சொன்ன இடத்தில். நிமிர்ந்தேன். அத்தானுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை, நம்பிக்கை இருந்தது. அது என்னை இன்னும் கோபப்படுத்தியது.

"அத்தான், சீல் பொட்டியிருக்கு," என்றேன்.

"அப்படிண்ணா?"

"ஆரோ திறந்திருக்காங்க. வாரண்டி கிடைக்காது."

அத்தான் உடனே அக்காவைப் பார்க்கவில்லை. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "மஸ்கட்டுல கடைக்காரன் திறந்து காட்டியிருப்பான். அதுக்கு நான் என்ன செய்ய? கம்பெனிக்கு எழுது நீ," என்று என்னோடுதான் சண்டைக்கு வந்தார். அதுவரைக்கும் நான் செய்ததை அக்கா மன்னித்திருப்பாள். தப்பிக்க ஒரு வழியை அவரே திறந்து வைத்தார். ஆமாம், அப்படியும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல அத்தான்," என்றேன். "இது கிழிச்சது புதுசு. பசை இன்னும் ஒட்டுது, பாருங்க. வீட்டுல உள்ளவங்கள்ட்ட கேளுங்க."

அவர் விரல் வைத்துப் பார்த்தார். பிறகுதான் திரும்பினார்.

"நான்தான் திறந்தேன்," என்றாள் அக்கா.

அத்தான் சத்தம் போடவில்லை. "அப்ப முடிஞ்சுது," என்றார். நான் படிவத்தை எடுத்து, சாதனம் உபயோகிப்பவரால் திறக்கப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்; அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்த மாதிரி வந்தது. அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியிலிருந்து மறுப்புக் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. அடுத்த மாதம் அதே மாடல் ஒன்று அதே கோளாறோடு திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. சீல் சரியாக இருந்தது, போர்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தேன்.

அத்தானுக்கு வேலையை நிறுத்தினது மட்டும் போதவில்லை. பாதியில் நின்ற கையெழுத்துத் தாள்களையெல்லாம் உரியவர்கள் கையில் அவளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், புருஷன் தடுத்துவிட்டான் என்று சொல்லக் கூடாது, எனக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் கட்டளை. "உனக்க ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போ. அவ அப்படிச் சொல்லுதாளாண்ணு நீ கேட்டுட்டு வா," என்று என்னிடம் சொன்னார். முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் மழைக்கோட்டு வேறு எடுத்துக் கொடுத்தேன்.

குளத்தூரில் பாஸ்டருடைய மனைவி, "நல்லாத்தானே அடிச்சுத் தந்த?" என்றார். "எனக்கு இது தெரியாதும்மா," என்றாள் அக்கா. அதியன்னூரில் சங்கத்துக்காரர் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். அவரிடமும் அதைச் சொன்னாள். நான் ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றேன், இன்ஜின் சத்தத்தில் அது என் காதில் விழாதபடி. ஆனாலும் விழுந்தது.

ஆரியங்கோட்டில் டீச்சர் அழாத குறை. ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. "பாதி முடிஞ்சுதே. இனி நான் ஆர்ட்ட போவேன்?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா என்னைக் காட்டினாள்.

"இவன் எனக்க தம்பி. கம்ப்யூட்டர் படிச்சவனாக்கும். இவன்ட்ட குடுங்க டீச்சர்."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அந்த டீச்சருடைய வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. தான் அடித்து முடித்திருந்த பகுதியின் பிளாப்பியையும் என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். தீ வைத்தவனே பிடுங்கினதற்கு என்ன பழமொழி என்று எனக்குத் தெரியவில்லை.

மீதியைக் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் அடித்து முடித்தேன். அக்கா ஓரத்தில் போட்டிருந்த பென்சில் திருத்தங்களைப் பார்த்துத்தான் அடித்தேன். டீச்சர் பைண்டு செய்த பிரதி ஒன்றை எனக்குத் தந்தார். நன்றியுரையில், முழு ஆய்வேட்டையும் நேர்த்தியாகத் தட்டச்சு செய்து உதவியவர் என்று என் பெயர் இருந்தது.

அதை அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தபோது அவளிடமும் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நன்றியுரையைப் படித்தாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நான் அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அறுபத்தியொண்ணாம் பக்கத்துல ஒரு வரி விட்டுப் போச்சு மக்கா," என்றாள். "டீச்சர்ட்ட சொல்லண்டாம். பாவம், சங்கடப்படுவாங்க."

அந்த வரியைக் கையெழுத்து புரியாமல் நான் தெரிந்தேதான் விட்டிருந்தேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பிக்கு ஒரு நல்லது வந்தா உனக்குப் பொறுக்காது, இல்லியா?" என்றாள். அக்கா புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் மீன்கறி கொண்டுவர அடுக்களைக்குப் போனாள். அவள் சொன்னது சரிதான் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மீன்கறி வந்தது, ஊற்றிக்கொண்டேன்.